ஆறாம் எண் கொடி

என் தம்பி எலியா கள்ளம் செய்தான் என்று ஊரார் முன்னால் சொன்னவன் நான். அவன் செய்யவில்லை என்று எனக்குத் தெரிய வந்தபோது அவனை அடக்கம் செய்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டுக்கும் நடுவில் இரண்டு வருடமும் ஒன்பது மாதமும் போயிருந்தன. அந்த நாட்களில் எந்த ஒரு நாளிலும் நான் அவனிடம் ஒழுங்காகக் கேட்டிருக்கலாம்.

1994இல் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தேன். கடைசி ஆறு வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வரைபடம் படிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை. அங்கே வருடந்தோறும் ஒரு போட்டி நடக்கும். காட்டுக்குள் அங்கங்கே கொடிகளைக் கட்டிவைத்து, ஒரு வரைபடத்தையும் திசைகாட்டியையும் கையில் கொடுத்து ஆட்களை அனுப்புவார்கள். வழி கேட்கக் கூடாது. எல்லாக் கொடியையும் வரிசையாகக் கண்டுபிடித்து முதலில் திரும்புகிறவன் ஜெயித்தவன். ஒரு வருடம் அதையே சைக்கிளில் நடத்தினோம். ஊருக்கு வந்தபோது இங்கே பையன்கள் தடித்த டயர் வைத்த மலைச் சைக்கிள்களில் சுற்றுவதைப் பார்த்தேன். அம்பூரிப் பக்கம் மலைகள் இருக்கின்றன, ரப்பர் தோட்டங்களுக்குள் ஜீப் பாதையும் நடைபாதையுமாக நூறு வழிகள் இருக்கின்றன. நாமும் நடத்தினால் என்ன என்று தோன்றியது.

எலியாவிடம் சொன்னேன். என்னைவிடப் பதினாறு வயது இளையவன். வெள்ளறடை போகும் சாலையில் சைக்கிள் கடை வைத்திருந்தான். ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டே கேட்டான்.

"அண்ணா, இங்க வழி தெரியாம தொலைஞ்சவன் ஒருத்தன் கிடையாது. வழி தெரிஞ்சவனைத் தொலைக்கியதுக்கு ஒரு போட்டியாக்கும்?"

சிரித்தான். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவன்தான் முதலில் சைக்கிளை எடுத்தான்.

எலியாவைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கணக்குச் சூத்திரங்கள் எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தைச் சட்டைக் கைக்குள் மடித்து வைத்திருந்து பிடிபட்டான். ஒரு வருடம் போயிற்று. அது போனால் பரவாயில்லை. 'துண்டு எலியா' என்ற பெயர் போகவில்லை. கடைக்கு வருகிறவன் வாடகை சைக்கிளைத் திருப்பித் தரும்போது, "நேரத்தைச் சரியாட்டு எழுது, துண்டு" என்பான். அவனும் சேர்ந்து சிரிப்பான். அதனால் அது அவனுக்கு வலிப்பதில்லை என்று நினைத்திருந்தேன். வரைபட வேலை பாதி முடிந்த சமயத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தபோது சொன்னான்: "இதுல நான் ஜெயிக்கணும் அண்ணா. நேரா ஜெயிக்கணும். பொறவு ஒருத்தனும் அந்தப் பேரைச் சொல்லப்பிடாது." அவன் சிரிக்காமல் பேசி நான் கேட்டது அபூர்வம்.

வரைபடம் செய்ய ஏழு மாதம் ஆயிற்று. பஞ்சாயத்திலிருந்து வாங்கிய வார்டு படத்தில் எல்லைகள் இருந்தன, மேடு பள்ளம் இல்லை. தூரத்தை அளக்க எலியா ஒரு வழி கண்டுபிடித்தான். பின்சக்கரக் கம்பி ஒன்றில் தகரத் துண்டைக் கட்டினான். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு 'டக்'. ஒரு டக்குக்கு ஏழு அடிக்குச் சற்றுக் குறைவு. அவன் டக்குகளை எண்ணிக்கொண்டு முன்னால் ஓட்டுவான், நான் திசைகாட்டியில் கோணம் பார்த்துக் குறித்துக்கொண்டு பின்னால் போவேன். ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளும்போதும் எண்ணிக்கை விடமாட்டான். இடையில் யாராவது நலம் விசாரித்தால் விரலை உயர்த்திக் காட்டிவிட்டு, வளைவு வந்த பிறகு திரும்பிப் போய்ப் பதில் சொல்லிவிட்டு வருவான். நெய்யாற்றின்கரையில் முப்பது பிரதி எடுத்தோம். மலையின் உயரக் கோடுகளைப் பழுப்புப் பென்சிலால் முப்பதிலும் கையால் போட்டோம். கடையில் வேலை இல்லாத மதியங்களில் போட்டவை. அவன் போட்ட கோடுகள் என்னுடையவற்றைவிட நன்றாக இருந்தன.

கொடிகளை என் மனைவி ஜெஸ்னா தைத்தாள். பாதி சிவப்பு, பாதி வெள்ளை. பாறசாலை ரயில் நிலையத்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற வேலாயுதன் அண்ணன், டிக்கெட்டில் ஓட்டை போடும் பழைய குத்திகள் ஒன்பதைத் தேடிக் கொடுத்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தில் குத்தும். ஒவ்வொரு கொடியோடும் ஒரு குத்தியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது, போட்டியாளர் தன் அட்டையில் அந்த எண்ணுக்குரிய கட்டத்தில் குத்திக்கொள்வது என்று ஏற்பாடு. ஒன்பது கட்டத்திலும் ஓட்டை இருந்தால்தான் கணக்கு.

நடத்துகிறவனின் தம்பி போட்டியில் சேரலாமா என்று கேள்வி வந்தது. கேட்டது வேறு யாருமில்லை, நானேதான். மலை முழுவதும் அவனுக்குத் தெரியும். ஆனால் பெயர் கொடுத்த இருபத்தேழு பேரில் பாதிப் பேருக்கு அது தெரிந்த மலைதான். கொடி எங்கே இருக்கிறது என்பதுதானே போட்டி. அதை நான் மட்டும் முடிவு செய்தேன், நான் மட்டும் போய்க் கட்டினேன். 1996 ஜனவரி 25, வியாழக்கிழமை மதியம். எலியா அன்று கடையை விட்டு வெளியே வரவே இல்லை. தன்மேல் ஒரு கண் வைத்திருக்கச் சொல்லிப் பக்கத்துத் தையல் கடைக்காரரைச் சாட்சியாகக்கூட வைத்தான்.

ஆறாம் கொடியை ஒரு ரப்பர் தோட்டத்தின் மூலை மரத்தில் கட்டினேன். தோட்டத்து முதலாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தேன். அங்கே பட்டையைக் கீறிப் பால்வெட்டுகிறவர்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. மறுநாள் குடியரசு தினம். பதினேழு குடியரசு தினங்களில் அணிவகுத்து நின்று இனிப்பு தின்றவன் நான். விடுமுறை என்றால் எல்லாருக்கும் விடுமுறை என்று நினைத்துவிட்டேன். ரப்பர் மரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு என்பதும், அதற்குக் குடியரசு தினம் கிடையாது என்பதும் இந்தப் பக்கத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சபைப் பள்ளி மைதானத்திலிருந்து ஆட்களை விட்டோம். இரண்டு நிமிடத்துக்கு ஒருவர். வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தோம். முதல் சீட்டு எலியாவுக்கு வந்தது. சைக்கிள் கைப்பிடியில் ஒரு பலகையைப் பொருத்தி, அதில் வரைபடத்தைக் கிளிப் போட்டு வைத்திருந்தான். அதே மாதிரிப் பலகை கேட்டவர்களுக்கெல்லாம் முந்தின வாரம் அவனே செய்து கொடுத்திருந்தான்.

ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடத்தில் திரும்பி வந்தான். முட்டிவரை சேறு. அட்டையைப் பார்த்தேன். ஒன்பது கட்டத்திலும் ஓட்டை. அவனைக் கட்டிப்பிடிக்கத்தான் கை போயிற்று. நடத்துகிறவன் அப்படிச் செய்யக் கூடாது என்று நிறுத்திக்கொண்டேன்.

பிறகு அதியன்னூர் ஷைஜு வந்தான். நல்ல பலசாலி, நேர்மையான பையன். அவன் அட்டையில் ஆறாம் கட்டம் காலி. கால் மணி நேரம் தேடினேன், அங்கே கொடி இல்லை என்றான். அடுத்து வந்தவனுக்கும் ஆறு இல்லை. அதற்கடுத்தவனுக்கும் இல்லை. பத்துப் பேர் வந்த பிறகு ஜீப்பை எடுத்துக்கொண்டு நானே போனேன். மூலை மரத்தில் நான் போட்ட முடிச்சின் ஒரு கயிற்றுத் துணுக்கு மட்டும் இருந்தது. கொடியையும் குத்தியையும் யாரோ அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்கள்.

திரும்பி வரும் வழியில் என் மனம் பட்டாளக்காரனின் மனமாக இருந்தது. முதலில் போனவன் குத்தியிருக்கிறான். அவனுக்குப் பின்னால் போன ஒருவனுக்கும் கிடைக்கவில்லை. இடையில் எடுத்தது யார்? ஒரே ஒரு விடைதான் வந்தது. அது என் தம்பியாக இருந்ததால், விட்டுக்கொடுத்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. மைதானத்தில் இறங்கியபோது எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷைஜுவும் இரண்டு பேரும் ஏதோ சொல்ல வந்தார்கள். கையைக் காட்டி நிறுத்தினேன்.

"எலே, ஆறாம் கொடி எங்க?"

"ஆறுல நான் குத்தினேன் அண்ணா."

"குத்தினது தெரியும். கொடி எங்க?"

"நான் எடுக்கல்ல."

"பின்ன யாரு எடுத்தா?"

வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். "நான் எடுக்கல்ல. அதுக்கு மேல கேக்காதீங்க" என்றான்.

அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். அவனைத் தனியாகக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவன் முகத்தில் இருந்தது பயம் இல்லை, ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனின் முகம் அது. இப்போது தெரிகிறது. அன்று நான் கூட்டத்தின் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"பத்தாங்கிளாசுல துண்டை ஒளிச்சவன் இண்ணு கொடியை ஒளிச்சிருக்கான். இவனுக்க பேரை வெட்டுங்க."

மேசையில் உட்கார்ந்து நேரம் எழுதிக்கொண்டிருந்த ஜெஸ்னா என்னைப் பார்த்தாள். பேனாவை எடுக்கவில்லை. நானே வாங்கி எலியாவின் பெயர்மேல் கோடு போட்டேன். ஷைஜு முதல் பரிசு என்று அறிவித்தேன். எலியா பலகையிலிருந்து வரைபடத்தை எடுத்து, மடக்கி, மேசையில் வைத்தான். ஜெஸ்னாவிடம் தண்ணீர் கேட்டுக் குடித்தான். சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனான். வீட்டுக்குப் பதினொரு கிலோமீட்டர்.

அதன் பிறகு நாங்கள் சண்டை போடவில்லை. ஒரே வீட்டில்தான் இருந்தோம். சாப்பாட்டு நேரத்தில் குழம்பை என் பக்கம் நகர்த்தி வைப்பான், மழை வருமா என்று பேசுவான். ஆனால் கடைக்கு வருகிற சிலர் மட்டும் கேலியாகச் சொல்லிவந்த பெயரை நான் ஒரு வரியில் ஊர் முழுக்கப் பரப்பிவிட்டேன். சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லத் தொடங்கினார்கள். பரீட்சை எழுதின கதை தெரியாத பிள்ளைகள். கடைக்கு அவன் இப்போது சிரிக்காமல் போய் வந்தான். மே மாதம் கடையை வேறொருவனுக்குக் கைமாற்றிவிட்டு, மாமா மகன் ஒருவன் மூலம் மஸ்கட்டுக்குப் போனான். அங்கே ஒரு வண்டிப் பட்டறையில் வேலை.

அம்மாவுக்கு மாதம் ஒரு கடிதம் வரும். எனக்கு ஒன்றே ஒன்று வந்தது, அடுத்த புத்தாண்டுக்கு. அங்கே மலைகள் மொட்டையாக இருக்கின்றன, மரம் இல்லாததால் வழி தப்பவே முடியாது, இங்கே போட்டி வைத்தால் அம்மாகூட ஜெயிப்பாள் என்று எழுதியிருந்தான். இந்த வருடம் போட்டி உண்டா, வரைபடத்தில் புதிதாக வெட்டின ஜீப் பாதையைச் சேர்த்தாயா என்று கேட்டிருந்தான். நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் அந்தச் சொல்லுக்காகத்தான் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 'தப்பு செய்துவிட்டேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றே பதில் போட்டிருப்பேன். அவனாக ஒத்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தேன். பதில் போடவில்லை. போட்டியும் நடத்தவில்லை. அந்த மலையில் புதுப் பாதையை அளக்க டக்கு எண்ணுவதற்கு ஆள் இல்லை என்று ஜெஸ்னாவிடம் சொன்னேன், வேறு ஏதோ காரணம் சொல்வது போல.

1998 அக்டோபரில், பழுதான வண்டியைச் சாலையோரத்தில் சரிசெய்துகொண்டிருந்தவன்மேல் தண்ணீர் லாரி ஒன்று ஏறியது. உடல் திருவனந்தபுரம் வந்து சேரப் பதினொரு நாள் ஆயிற்று. அவனுக்கு வயது இருபத்தேழு.

அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு பெண் எனக்காகக் காத்து நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். மலைப்பக்கத்துச் சபையைச் சேர்ந்தவள், பெயர் சுகிர்தபாய் என்று சொன்னாள். அழுது அழுது குரல் போயிருந்தது. எலியாவுக்கு அவள் என்ன உறவு என்று எனக்குப் புரியவில்லை. அவளே சொல்லத் தொடங்கினாள்.

அவள் அந்தத் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்தவள். அந்தப் பக்கத்தில் வயதான ரப்பர் மரங்களை முறிப்பதற்குத் தடி வாங்கும் மர வியாபாரி விலை பேசி முடித்தால், அந்தத் துண்டு நிலத்தின் மூலை மரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போவான். துணி கட்டின மறுநாள் பால்வெட்டு நின்றுவிடும். அந்தத் தோட்டம் விலை போகப்போகிறது என்று சில வாரங்களாகவே பேச்சு இருந்தது. குடியரசு தினத்தன்று காலையில் அவள் வந்து பார்த்தபோது மூலை மரத்தில் என் கொடி. பாதி வெள்ளையாக இருந்தது அவள் கண்ணில் படவில்லை. மேஸ்திரி பார்ப்பதற்கு முன்னால் அவிழ்த்துவிட்டால் இன்னும் சில நாள் வேலை கிடைக்கும் என்று அவிழ்த்துப் பால்வாளிக்குள் மறைத்தாள்.

சிறிது நேரத்தில் எலியா வந்தான். மரத்தைச் சுற்றித் தேடினான். வாளியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த துணியைப் பார்த்துக் கேட்டான். அவள் அழுதுவிட்டாள். இது தடிக்காரன் துணி இல்லை, விளையாட்டுக்குக் கட்டினது என்று விளக்கினான். அவளுக்கு நம்பிக்கை வருவதற்குள் கீழே மேஸ்திரியின் தலை தெரிந்தது. சிவப்புத் துணியை அவிழ்த்தவள் என்று தெரிந்தால், அது எந்தத் துணியாக இருந்தாலும் அன்றோடு வேலை போய்விடும். எலியா வாளியிலிருந்த குத்தியால் தன் அட்டையில் குத்தினான். மேஸ்திரி போனதும் பழையபடி கட்டிவிடுங்கள் என்று சொன்னான். உங்கள் பெயரை யாரிடமும் சொல்லமாட்டேன் என்றும் சொன்னான். மேஸ்திரி போகவில்லை. பால் அளக்கும் கொட்டகை வரை கூடவே நடந்தான். பயத்தில் அவள் கொடியையும் குத்தியையும் கொட்டகைக்குப் பின்னால் புதைத்துவிட்டாள்.

"அண்ணு சாயந்திரம் அவன் எனக்க வீட்டுக்கு வந்தான்" என்றாள் சுகிர்தபாய். "நான் வந்து உங்ககிட்ட எல்லாம் சொல்லுதேன்னேன். வேண்டாம் அக்கா, உங்களுக்க வேலை போயிரும், எனக்க அண்ணன் நாலு நாளு கோவமா இருப்பாரு, பொறவு அவரே கேப்பாரு, அப்ப சொல்லிக்கிடுதேண்ணான்."

நான் கேட்பேன் என்று அவன் நம்பியிருந்தான்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எந்த உரிமையில் கேட்டேன் என்று தெரியவில்லை.

"தோட்டம் முறிச்சு ஒரு வருசம் ஆச்சு. இனி போறதுக்கு எனக்கு வேலை இல்ல. அவன் லீவுக்கு வருவான், அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து சொல்லலாம்ணு இருந்தேன். வாக்கு கொடுத்தது அவனில்லியா."

அவள் போன பிறகு ஜெஸ்னாவிடம் சொன்னேன். அம்மாவிடம் அன்று சொல்லத் துணியவில்லை. சில நாள் கழித்துத்தான் சொன்னேன்.

என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான் என்று தோன்றியது. போட்டியில் ஓட்டிய மற்ற இருபத்தாறு பேரின் பெயரும் முகவரியும் என்னிடம் இருந்தன. ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், அன்று நான் சொன்னது பொய், எலியா கொடியை எடுக்கவில்லை, ஜெயித்தவன் அவன்தான் என்று சொல்ல வேண்டும். பட்டியலைத் திருத்தமாக ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முதலில் அதியன்னூருக்குப் போனேன்.

ஷைஜு அப்போது ஒரு டெலிபோன் பூத் வைத்திருந்தான். எலியா இறந்த செய்தி அவனுக்குத் தெரிந்திருந்தது. அடக்கத்துக்கும் வந்திருக்கிறான், நான்தான் கவனிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டான். சுகிர்தபாய் சொன்னதையெல்லாம் சொன்னேன். இடையில் ஒருவர் போன் பேச வந்தார், அவரைச் சற்று வெளியே நிற்கச் சொன்னான். கடைசியில் நான், "நீங்க எல்லாரும் அவனைத் தப்பா நினைச்சதுக்கு நான்தான் காரணம், மக்கா" என்றேன்.

ஷைஜு தலையை ஆட்டி மறுத்தான்.

"அண்ணன் ஒண்ணு மறந்துட்டிய. நாங்க அவனைத் தப்பா நினைக்கல்ல. நீங்க ஜீப்புல இருந்து இறங்கினப்போ நாங்க மூணு பேர் வந்து சொல்ல வந்தோம். ஆறாம் கொடியை விட்டிருங்க, மிச்சம் எட்டுக் கொடியை வச்சுப் பாருங்க, அப்பிடிப் பாத்தாலும் எலியாதான் ஜெயிச்சாண்ணு சொல்ல வந்தோம். நீங்க கையைக் காட்டினிய."

"அவன்தான் எடுத்தாண்ணு உங்களுக்குத் தோணல்லியா?"

"என்னத்துக்கு அண்ணா எடுக்கணும்? நான் அங்க தேடின நேரத்தைக் கழிச்சாலும் என்னைவிட ஏழு நிமிசம் குறைச்சலா ஓட்டினவன் அவன். அவனுக்க பலகையிலதான் நான் மேப் வச்சு ஓட்டினேன். எங்கள்ள ஒருத்தனும் அப்பிடிச் சொல்லல்ல. ஊருல யாரெல்லாமோ பொறவு சொன்னாவ. அது நீங்க சொன்னதுனால."

அவன் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. நேரம் தவறிப்போன ஒரு செய்தியைச் சொல்வது போலத்தான் சொன்னான். டீ வாங்கிக் கொடுத்தான், குடித்தேன். அன்று மைதானத்தில் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றதை நினைத்துப் பார்த்தேன். தம்பிக்கு விட்டுக்கொடுப்பானா என்று பார்க்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்ட பார்வை. ஒரு எளிய வழி அவர்களிடம் இருந்தது. அதைச் சொல்வதற்காகத்தான் அவர்கள் எனக்காகக் காத்து நின்றிருக்கிறார்கள்.

வெளியே வந்து நெய்யாற்றின்கரை பேருந்து நிலையம் வரை நடந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து பட்டியலை எடுத்தேன். ஷைஜுவின் பெயருக்குக் கீழே இன்னும் இருபத்தைந்து பெயர்கள். அந்த வீடுகளுக்குப் போய்த் திருத்த வேண்டியது ஒன்றும் இல்லை என்று அப்போது புரிந்தது. அவர்கள் யாரும் என் தம்பியைச் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்ட எனக்கு இனி யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன்.